கேளுங்க மாமா: சிவப்பு வண்டி சிறப்பு

ஆயக்குடி வாசகர்: தீயணைப்பு வண்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? விடிய விடிய அடிக்கலாமா மாமா?

நம் பக்கம் ஓடுகிற நீர் தாங்கி வண்டியில் பொதுவாக 4,500 லிட்டர். 20 மில்லிமீட்டர் முனையில் 7 பார் அழுத்தத்தில் அடித்தால் நிமிடத்துக்குச் சுமார் 700 லிட்டர் பறந்துவிடும். வகுத்துப் பாருங்கள், ஏழு நிமிடம்கூடத் தாங்காது. அதற்குள் அடுத்த தண்ணீர் எங்கே என்று தெரிந்தாக வேண்டும். செல்போனில் படம் பிடிக்கிற கையைக் கொஞ்சம் நீட்டி, கிணறு எந்தப் பக்கம் என்று காட்டுங்கள்.

அடிவாரம், பழனி: வண்டி நின்ற பிறகும் எஞ்சினை அணைப்பதே இல்லை. அரசாங்க டீசல் என்றால் இளக்காரமா?

பம்பைச் சுற்றுவதே அந்த எஞ்சின்தான் ஐயா. கியர் பெட்டியிலிருந்து சக்தியைப் பிரித்துப் பம்புக்குக் கொடுக்கிறார்கள். எஞ்சினை அணைத்தால் டீசல் மிச்சம், வீடு மிச்சமில்லை.

கொடைக்கானல் வாசகி: பழனியில் வேலை செய்கிற பம்ப் மலைமேல் திணறுமாமே, நிஜமா?

நிஜம். நல்ல கேள்வி கேட்டீர்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பம்ப் தண்ணீரை இழுக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது செய்வதெல்லாம் உறிஞ்சு குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுவது. ஏரியின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்றின் எடைதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் கணக்குப்படி 10.3 மீட்டர் வரை ஏறும். நீங்கள் இருக்கும் 2,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடுகிறது. கணக்கே சுமார் 8 மீட்டர்தான். குழாய் உராய்வு, இணைப்புக் கசிவு எல்லாம் போனால் கைக்கு வருவது இன்னும் குறைவு.

ஆகவே மலையில் வண்டி தண்ணீரை ஒட்டியே நின்றாக வேண்டும். உங்கள் ஊர் ஏரி 1863-லிருந்து தயாராக இருக்கிறது. வண்டி கரைக்கு வரும் வழியில் காரை நிறுத்திவிட்டுச் சோளக்கதிர் தின்னப் போகிறவர்தான் தயாராக இல்லை.

பண்ணைக்காடு: நாலரை டன் தண்ணீரோடு கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறார்களே, தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து வண்டி கவிழாதா?

கவிழக்கூடாது என்றுதான் தொட்டிக்குள் குறுக்கே தடுப்புத் தகடுகள் வைத்திருக்கிறார்கள். தகட்டில் ஓட்டைகள் உண்டு; தண்ணீர் நகரும், மொத்தமாகப் பாயாது. முழுத் தொட்டியைவிடப் பாதித் தொட்டிதான் ஓட்டுநருக்குப் பகை. நிறைகுடம் தளும்பாது என்று பள்ளியில் படித்தோமே, அது ஓட்டுநர் பயிற்சியிலும் செல்லும்.

நெய்க்காரப்பட்டி: சென்னையில் 54 மீட்டர் உயரம் போகும் ஸ்கைலிப்ட் இருக்கிறது. பழனிக்கு எப்போது?

பின்லாந்துக்காரன் செய்த வண்டி அது. வந்து நின்றதும் நாலு பக்கமும் கால் விரித்து ஊன்ற வேண்டும். அடிவாரத்துச் சந்தில் ஆட்டோவே கண்ணாடியை மடக்கிக்கொண்டுதான் போகிறது. தங்கும் விடுதிகளில் மாடிப்படியை அட்டைப்பெட்டிக் கிடங்காக ஆக்காமல் இருந்தாலே பாதி ஸ்கைலிப்ட் வந்த மாதிரி.

சிரிப்புக்கு நடுவே ஒன்று. 2024 டிசம்பர் 12 இரவு, நம் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனைத் தீயில் 6 பேரை இழந்தோம். லிப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களும் உண்டு. தீ என்றால் படி. லிப்ட் பக்கமே போகாதீர்கள்.

ஒட்டன்சத்திரம்: பாம்பு வந்தாலும் 101, மாடு கிணற்றில் விழுந்தாலும் 101. தீயை எப்போதுதான் அணைப்பார்கள்?

துறையின் பெயரை முழுசாகப் படிக்கவும்: தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. அந்த 'மற்றும்'-க்குப் பிறகுதான் கயிறு, வலை, பாம்புக் கொக்கி, கதண்டுக் கூட்டை அழிக்கும் தீப்பந்தம் எல்லாம் வருகின்றன. உங்கள் ஊர் மொட்டைக் கிணறுகளுக்குச் சுவர் கட்டினால் கயிற்றுக்கு ஓய்வு கிடைக்கும்.

தாண்டிக்குடி: விபத்தில் நசுங்கிய காரைப் பிளக்க ஒரு கருவி வைத்திருக்கிறார்களே, கத்தரி மாதிரி?

ஹைட்ராலிக் கட்டர், விரிப்பான். எண்ணெய் அழுத்தம் 700 பார் அளவுக்குப் போகும். உங்கள் கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். கதவை வெண்ணெயாக வெட்டும். மலைச்சாலையில் மெதுவாகப் போகிறவர் அதன் அருமையைத் தெரிந்துகொள்ளாமலே ஆயுளை முடிக்கலாம்.

பெருமாள்மலை: காட்டுத் தீக்கு ஏன் சிவப்பு வண்டி போவதில்லை?

போகும், ரோடு முடிகிற வரைக்கும். அதற்கு மேல் கால்தான் வண்டி. வனத்துறையினர் முதுகில் காற்றூதியைக் கட்டிக்கொண்டு சருகை விலக்குகிறார்கள், பச்சைக் கிளையால் அடிக்கிறார்கள், தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். அதனால் தீக்கு மேலே நிற்பவனுக்குத் தப்ப நேரமில்லை. 2018 மார்ச்சில், மலையேறப் போனவர்கள் சிக்கிய குரங்கணிக் காட்டுத் தீயில் அதைக் கண்ணால் பார்த்தோம். பிப்ரவரி முதல் மே வரை மலையில் பீடி பற்றவைக்கிறவரைப் பார்த்தால் தயங்காமல் பிடுங்குங்கள். மாமா சொன்னார் என்று சொல்லுங்கள்.

கீரனூர்: காஸ் சிலிண்டர் வாயில் தீ. தண்ணீர் ஊற்றி உடனே அணைக்கலாமா?

வால்வை மூட முடிந்தால் மூடுங்கள், தீ தானே போகும். மூடாமல் சுடரை மட்டும் அணைத்தால் காஸ் வீடு முழுக்க நிரம்பி, அடுத்த பொறிக்குக் காத்திருக்கும். மூட முடியவில்லையா? எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே ஓடி 101. கொதிக்கும் எண்ணெய் பற்றினால் தண்ணீர் கூடவே கூடாது. ஆவியாகும்போது தண்ணீர் 1,700 மடங்கு விரிந்து எண்ணெயைக் கூரைக்குத் தூக்கும். தட்டுப் போட்டு மூடுங்கள். பூரி போனால் போகட்டும்.

திருமலை பக்தர், உடுமலை: ரோப் கார் நடுவானில் நின்றால் தீயணைப்பு ஏணி எட்டுமா?

2022 ஏப்ரலில் ஜார்க்கண்டின் திரிகூட மலையில் நின்றது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வர வேண்டியிருந்தது. ஆகவே 2004-லிருந்து ஓடும் நம் பழனி ரோப் காரைப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது முணுமுணுக்காதீர்கள். முருகன் படிக்கட்டும் வைத்திருக்கிறான்.

பாலசமுத்திரம்: சைரன் கேட்டும் ஒதுங்காதவனுக்கு என்ன தண்டனை?

மோட்டார் வாகனச் சட்டம் 194இ: 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். என்னைக் கேட்டால் மூன்றாவதாக, 7 பார் அழுத்தத்தில் குழாய் பிடிக்கும் வேலையை ஒரு மணி நேரம் கொடுக்கலாம். அது 45 கிலோ எடை அளவுக்குப் பின்னால் தள்ளும்.

பூம்பாறை: ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டுதானே? தீயணைப்பு நிலையத்தில் ஏன் அஞ்சலி?

1944-ல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்தது. உள்ளே பஞ்சும் வெடிமருந்தும் சேர்த்தே ஏற்றியிருந்தார்கள். தீயை அணைக்கப் போன 66 வீரர்கள் திரும்பவில்லை. காலையில் மாங்காய்ப் பச்சடி சாப்பிட்ட கையோடு நிலையத்துக்கு ஒரு நடை போய் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

பழனி நகர்: 101-க்குப் போன் போட்டால் என்ன சொல்ல வேண்டும்?

எரிவது என்ன, உள்ளே ஆள் உண்டா, தெரு எது, பெரிய வண்டி நுழையுமா, உங்கள் போன் எண் என்ன. பதறினாலும் இவ்வளவையும் சொல்லிவிட்டு வையுங்கள். தயவுசெய்து 'முருகன் கோயில் பக்கத்துல' என்று மட்டும் சொல்லாதீர்கள். இது பழனி.