வெள்ளம் எந்த இலாகா?

நிலம், மக்கள், அரசாங்கம், இறையாண்மை: அரசுக்கு உறுப்பு நான்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கூடுவாஞ்சேரியில் மூன்றாவதை மட்டும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தேடுவதற்கு ஏற்ற காலம் ஐப்பசி, கார்த்திகை. நந்திவரம் ஏரிக்குள் இருக்கும்வரை தண்ணீர் நீர்வளத் துறைக்குச் சொந்தம். கலங்கல் தாண்டி ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தால் நெடுஞ்சாலைக்காரர் பாடு. தண்டவாளத்துக்கு வந்தால் தெற்கு ரயில்வே. தெருவுக்குள் புகுந்தால் நகராட்சி. ஊரப்பாக்கம் பக்கம் ஒதுங்கினால் ஊராட்சி. வீட்டுக்குள் வந்து கட்டில் காலை முட்டிய பிறகு வருவாய்த் துறை, கையில் கணக்கெடுப்புப் படிவத்தோடு. இத்தனை எல்லையையும் அனுமதி வாங்காமல் தாண்டுகிற தண்ணீர்தான் குற்றவாளி!

மனு எழுதப் போகிறீர்களா? எம்.எல்.ஏ. செங்கல்பட்டு. எம்.பி. காஞ்சிபுரம். கலெக்டர் செங்கல்பட்டு. போலீஸ் 2022 முதல் தாம்பரம் கமிஷனர். அதே ஆண்டு சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக வீங்கியது. காகிதத்தில் நாமும் பட்டணத்துக்காரர்கள் ஆகிவிட்டோம். கணுக்கால் சேறு மட்டும் கிராமத்துச் சேறு.

கோடு கிழிப்பதில் நம் ஆட்சியாளர்கள் சூரர்கள். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்தைப் பிரித்துச் செங்கல்பட்டு மாவட்டம் வந்தது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்தது நல்லதுதான். விலை என்ன தெரியுமா? அடுத்த மாதமே 27 மாவட்டங்களின் கிராமங்கள் உள்ளாட்சிக்கு ஓட்டுப் போட்டன. பிரித்த பகுதிகளில் வார்டு வரையறை முடியவில்லை. முடித்துவிட்டு நடத்துங்கள் என்றது உச்ச நீதிமன்றம். ஊரப்பாக்கம் 2021 அக்டோபர் வரை காத்திருந்தது. கூடுவாஞ்சேரி, மாநிலத்தின் மற்ற நகரங்களைப் போலவே, 2022 பிப்ரவரி வரை.

உள்ளாட்சிகளின் முந்தைய பதவிக்காலம் முடிந்தது 2016 அக்டோபரில். ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்து என்கிறது அரசியல் சட்டம். இங்கே ஒரு முழு ஐந்தாண்டையே தனி அதிகாரிகள் தலையில் கட்டிவிட்டு ஏப்பம் விட்டார்கள். எம்.எல்.ஏ. நாற்காலி காலியானால் ஆறு மாதத்தில் இடைத்தேர்தல்; பணத்துக்கும் பிரியாணிக்கும் பஞ்சமிருக்காது. நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்பக்கூடிய ஒரே ஆள் கவுன்சிலர்; அவர் நாற்காலியில்தான் ஐந்து வருஷம் தூசி.

இது திறமைக் குறைவல்ல. கேள்வி கேட்கும் தூரத்தில் யாரும் உட்காரக் கூடாது என்ற திட்டம்.

அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை மேடையில் பேச விடாதீர்கள். தேங்கிய தண்ணீரிலேயே நிறுத்தி ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதற்குப் பொறுப்பென்று கையெழுத்துப் போடுகிறவர் யார்? பெயர் சொல்லும்வரை கரையேற விடாதீர்கள்.