வட்டம் போட்ட பில்லு

2023 மார்ச்சில் ஆஸ்கார் மேடையில் பரிசு கொடுத்துக்கொண்டிருந்த விடியற்காலையில், நாமக்கல்லில் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பண்ணையில் கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு விருது வாங்கிய முதுமலை யானைப் படத்தைப் பிற்பாடு எல்லோரும் பார்த்தார்கள். பொம்மன், பெள்ளி, யானைக்குட்டி. முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது, ஒருத்தருக்கும் ஆட்சேபமில்லை. குடும்பத்தில் சண்டை மூட்டியது, அதே மேடையில் ஏழு விருதை அள்ளிய ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’.

போட்டுக் காட்டியவன் பெங்களூரில் வேலை பார்க்கும் என் மாமா மகன். படம் தொடங்குமுன்பே சோபா முனையில் உட்கார்ந்து, “நிறைய உலகம் இருக்குது, ஒவ்வொண்ணுலயும் நாம ஒருத்தர் இருக்கறோம்” என்று பாடம் எடுத்தான்.

இதை நாமக்கல்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? என் மாமாவுக்கு லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. திருச்செங்கோட்டுக்காரர்கள் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா வரைக்கும் போர் போடக் கிளம்பியபோது பங்குக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. கோழிப்பண்ணைக்கு இடம் வந்தது, வாங்கவில்லை. ‘ஸ்கூல் ஆரம்பிக்கலாம்’ என்று ஒரு கூட்டாளி வந்தார், ‘கோழியே மேய்க்கல, புள்ளைங்கள எங்க மேய்க்கறது’ என்று அனுப்பிவிட்டார். ஆக, ரிக் முதலாளி, முட்டை வியாபாரி, தாளாளர் என்று மூன்று மாமாக்கள் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்து உட்காருவார்கள். அத்தை நாலு பேருக்கும் சேர்த்தேதான் பதில் சொல்வாள்.

இரட்டை வேடமும் இந்தப் பக்கத்துக்குப் புதுசில்லை. பி.யு. சின்னப்பாவை இரண்டு ஆளாக்கி 1940லேயே ‘உத்தமபுத்திரன்’ எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். சிவாஜி ஒன்பது வேடம், கமல் பத்து வேடம் எல்லாம் பார்த்தாயிற்று. பஸ்ஸைப் பிடித்தால் ஒரு வாழ்க்கை, விட்டால் ஒரு வாழ்க்கை என்ற ‘12பி’யும் 2001லேயே வந்துவிட்டது. ஆனால் நம் படங்களில் அடுத்த ஆள் வந்தால் மீசையாவது மாறும். இந்தப் படத்தில் வரும் சீனத்து அம்மா நடிகை, சமையல்காரி, குங்ஃபூக்காரி என்று கண்ணிமைப்பதற்குள் மாறுகிறாள். ஒரு உலகத்தில் எல்லோருக்கும் விரலுக்குப் பதில் சாசேஜ். அத்தை முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு, “ஏங்கண்ணு, அந்த யானைப் படத்தையே இன்னொருக்கா போடு” என்றாள்.

அப்புச்சி முதல் சண்டையிலேயே தூங்கிவிட்டார். அவர் விழித்தது, இரண்டு பாறாங்கல் மலையுச்சியில் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சியில். சத்தமே கிடையாது, எழுத்து மட்டும்தான் வரும். “கரண்டு போயிருச்சா?” என்றார். இல்லையென்றதும் உற்றுப் பார்த்துவிட்டு, “கல்லுக்கு அமெரிக்கா போவோணுமா? நம்மூர்லயே எடுத்திருக்கலாமே” என்றார். படத்தைப் பற்றி நான் படித்த விமர்சனங்களைவிட இது மேல்.

ஒரு இடத்தில் மட்டும் கூடத்தில் யாரும் பேசவில்லை. கோபித்துக்கொண்டு போகிற மகளை அம்மா ஓடிப்போய் நிறுத்துகிறாள். என்னவோ நல்ல வார்த்தை சொல்லத்தான் வாயெடுக்கிறாள். வருவதோ, ‘ஒழுங்காச் சாப்பிடு, குண்டாயிட்டே’. அத்தை உடனே, “அக்கறைலதான சொல்றா, அதுக்கு எதுக்கு அந்தப் புள்ள அழுவுது?” என்றாள். கல்லூரியில் படிக்கும் மாமா மகள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் குடிக்க அவ்வளவு நேரம் ஆகாது. படத்தில் வரும் மகளுக்கு ஒரு பெண்ணோடு காதல், அதைத் தாத்தாவிடம் அம்மா ‘நல்ல சினேகிதி’ என்று மழுப்பிவிடுகிறாள் என்ற விஷயத்தை மாமா மகன் மொழிபெயர்க்கவே இல்லை. அவனும் ‘ஃபிரெண்டு’ என்றே மழுப்பினான். படத்தைப் புரியவைக்க வந்தவன் படத்துக்குள்ளேயே போய் மாட்டிக்கொண்டான்.

கடைசிவரை இமை கொட்டாமல் பார்த்தவர் மாமாதான். உலகங்கள் உருண்டது எதுவும் அவர் கணக்கில் வரவில்லை. அந்தக் குடும்பத்துக்கு சலவைக்கடை. மேசை கொள்ளாமல் பில்லு. வரி ஆபீசில் ஒரு அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கி, கரோக்கே மெஷின் வாங்கிய பில்லைக் கடைச் செலவில் எழுதியது எப்படி என்று கேட்டு, மைப் பேனாவால் ஒரே அழுத்தாக வட்டம் போடுகிறாள். “நிறுத்து! அந்த வட்டத்தை மறுபடி காட்டு” என்றார் மாமா. மூன்று தடவை காட்டச் சொன்னார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து அவர் பார்த்த வட்டங்களின் வரலாறு அந்த முகத்தில் ஓடியது.

சலவைக்கடை அம்மாவின் புருஷனாக வருபவர் கீ ஹுய் குவான். 1984ல் ‘இண்டியானா ஜோன்ஸ்’ படத்தில் வந்த அதே பொடியன். நடுவில் பல வருஷம் நடிக்க வாய்ப்பில்லாமல் இருந்து, இந்தப் படத்துக்கு விருது வாங்கினார். இடுப்புப் பையைச் சுழற்றி ஆட்களை அடிக்கும்போது, “நம்ம பச்சை பெல்ட்டாட்டம் இருக்குதே” என்று மாமா நிமிர்ந்தார். ஆனால் அவர் கை தட்டியது வேறிடத்தில். அந்த மனுஷன் தன்மையாகப் பேசி வரி ஆபீசர் அம்மாளிடம் ஒரு வாரம் அவகாசம் வாங்கிவிடுகிறான். “மாப்ளே, ஏழு அவார்டையும் இவனுக்கே குடுத்திருக்கலாம். கெஞ்சாம, காசு குடுக்காம டைம் வாங்கிட்டான் பாரு!”

படம் முடிந்ததும் மாமா மகன் கண்ணைத் துடைத்தபடி, “அம்மாவும் மகளும் சேர்ந்தது எப்பிடி இருந்துச்சுங்கப்பா?” என்றான். மாமா கேட்டது: “கணக்கை ஒழுங்காத் தாக்கல் பண்ணுனாங்களா இல்லையா?”

அமெரிக்காவிலும் இந்தப் படத்துக்கு அழுதவர்கள் உண்டு, தலைவலி என்று பாதியில் எழுந்தவர்கள் உண்டு. படித்தவர், படிக்காதவர், இளசு, பெரிசு என்று அவர்களைப் பிரிப்பது தப்பு. கட்டைப்பையில் பில்லோடு ஆபீஸ் வராந்தாவில் காத்திருந்தவர்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்குச் சாசேஜ் விரல்தான் நிற்கும்.

படம் 139 நிமிஷம். அப்புச்சியைப் போல முதல் சண்டையில் தூங்கிக்கொள்ளலாம், பாறாங்கல்லுக்கு எழுந்தால் போதும். கடை வைத்திருப்பவர்கள் மட்டும் இதை மாதம் 20ஆம் தேதிக்கு முன்னால் பார்க்க வேண்டாம். ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்ன் போட்டுவிட்டு வந்து பாருங்கள்.