செல்போன் ராஜாவுக்கு ஒரு செக்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. விடிய விடிய செல்போனில் செஸ் ஆடுகிறான். ஆனாலும் ஆட்டம் தேறவில்லை. நல்ல பயிற்சிக்காகச் சென்னைக்கே குடிபோய்விடலாமா?
- ஒரு தகப்பனார், வேப்பந்தட்டை

பதில்: வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்! பக்கத்து மாவட்டத்து உடையார்பாளையத்துச் சிறுமி சர்வாணிகா, 2022இல் இலங்கையில் நடந்த ஆசிய செஸ் போட்டியில் 7 வயதுக்குட்பட்டோர் பிரிவில் தங்கம் வென்றாரே! ஊரை மாற்றுவதற்கு முன் பழக்கத்தை மாற்றுங்கள்.

செல்போனின் மூன்று நிமிட ஆட்டத்தில் விரல்தான் வேகமாகும். வாரத்துக்கு இரண்டு ஆட்டமாவது பலகையில், ஆளுக்கு ஒரு மணி நேரம் வைத்து ஆடட்டும். ஒவ்வொரு நகர்த்தலையும் நோட்டில் எழுதட்டும். முடிந்ததும் எங்கே சறுக்கினோம் என்று முதலில் அவனே தேடட்டும். கணினியைப் பிறகு கேட்கலாம். செஸ் வீரர் குகேஷையே அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா நெடுநாள் கணினிப் பக்கம் அண்டவிடவில்லை.

தினமும் கொஞ்சம் புதிர். அதோடு, ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும் இறுதிக்கட்டம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் 14வது ஆட்டம்: 55வது நகர்த்தலில் குகேஷின் எதிராளி டிங் லிரென் யானையைத் தப்பாக நகர்த்தினார். யானைகளும் மந்திரிகளும் வெட்டுப்பட்டால் கூடுதல் சிப்பாய் ஜெயிக்கும் என்று குகேஷுக்குத் தெரிந்திருந்தது. 18 வயதில் உலக சாம்பியன்!

தோற்று வந்தால், "ஏன் தோற்றாய்?" என்று கேட்காதீர்கள்; "எந்த நகர்த்தலில்?" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் பையன் தேறிவிட்டான். "நெட் ஸ்லோப்பா" என்றால், செல்போனைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.