யார் பெரியவர்? அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் தீராத வழக்கு

அமெரிக்காவில் பிறந்த தொழில்முறை ஐஸ் ஹாக்கி வீரர்களில் ஆகப் பெரியவர் யார் என்ற வாதம், உலகிலேயே பெரியவர் யார் என்ற வாதத்தில் அமெரிக்கர்களுக்கு இடம் கிடைக்காததால் பிறந்தது. அந்தப் பெரிய வாதத்தில் வெய்ன் கிரெட்ஸ்கி, பாபி ஆர், கார்டி ஹோவ், மரியோ லெமியூ ஆகிய நால்வரும் ஏற்கெனவே இடத்தைப் பிடித்துவிட்டார்கள். நால்வரும் கனடாக்காரர்கள். கிரெட்ஸ்கி ஒருவரே நேஷனல் ஹாக்கி லீகில் 894 கோல் போட்டவர். கோலும், கோலுக்குக் கைகொடுத்த பாஸும் சேர்ந்து அவர் கணக்கில் 2,857 புள்ளிகள். இந்த எண்களோடு மோதுவதைவிடத் தனிப் பட்டியல் போட்டுக்கொள்வது மேல் என்று அமெரிக்கர்கள் முடிவு செய்ததில் தவறில்லை.

தனிப் பட்டியலின் முதல் நிபந்தனை பிறப்பு. இதில் முதலில் அடிபடுபவர் பிரெட் ஹல். மொத்தம் 741 கோல். 1990-91 சீசனில் மட்டும் 86. தாய் அமெரிக்கர் என்பதால் அவருக்கு இரு நாட்டுக் குடியுரிமையும் உண்டு. இளம் வயதில் கனடா அணி அவரைக் கண்டுகொள்ளவில்லை, அமெரிக்க அணி கூப்பிட்டது, போய்விட்டார். 1996 உலகக் கோப்பையில் கனடாவையே தோற்கடித்து அந்தக் கணக்கையும் தீர்த்தார். ஆனால் அவர் பிறந்தது ஒன்டாரியோ மாநிலத்தின் பெல்வில் நகரில். ஒரு பிரசவ அறையின் முகவரியால் 741 கோலும் தள்ளுபடியாகின்றன.

இதற்கு நேர் எதிர் பில்லி பர்ச். நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸில் பிறந்தார். வளர்ந்ததும் ஆட்டம் பழகியதும் கனடாவில். 1925இல் லீகின் மிக மதிப்புவாய்ந்த வீரருக்கான ஹார்ட் விருதை வாங்கினார். அந்த ஆண்டே, அவர் ஆடிய ஹாமில்டன் அணி வீரர்கள் கூடுதல் சம்பளம் தராவிட்டால் இறுதிச் சுற்று ஆடமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். லீக் அசையவில்லை. கடைசியில் வீரர்கள் புதிதாகத் தொடங்கப்பட்ட நியூயார்க் அணிக்கு விற்கப்பட்டார்கள். அங்கே போனதும் பர்ச் மண்ணின் மைந்தராகிவிட்டார். விதிப்படி அவர் வாதத்துக்குள் இருக்கிறார்; வாதிடுபவர்களில் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியாது.

பிறப்புச் சான்றிதழ் சரிபார்த்த பிறகு எண்ணிக்கை. இங்கே முன்னால் நிற்பவர் மிச்சிகனில் பிறந்த மைக் மோடானோ. 1988இல் லீகின் வீரர் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். 1993இல் அணி மினசோட்டாவிலிருந்து டல்லஸுக்குக் குடிபெயர்ந்தபோது கூடவே போய், அமெரிக்கக் கால்பந்தைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காத டெக்சஸ்காரர்களை ஐஸ் அரங்குக்கு வரவழைத்தார். 561 கோல், 1,374 புள்ளிகள், 1999இல் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை. கோல் எண்ணிக்கையில் அமெரிக்காவில் பிறந்த எவரும் அவரைத் தாண்டியதில்லை. ஆடிய ஆட்டங்கள் 1,499. டெட்ராய்ட்டில் ஆடிய கடைசி சீசனில் இன்னும் ஒரே ஒரு ஆட்டத்தில் இறக்கியிருந்தால் முழு எண் கிடைத்திருக்கும், இறக்கவில்லை. அவருடைய ரசிகர்களுக்கு 561 கோல் தரும் பெருமையைவிட அந்த ஒரு ஆட்டம் தரும் ஆத்திரம் அதிகம்.

நீண்ட காலம் ஆடினால் எண் சேரத்தானே செய்யும் என்பவர்கள் ஒரே சீசனின் உச்சத்தைக் காட்டுவார்கள். பஃபலோ அணிக்காக பேட் லஃபான்டெய்ன் 1992-93இல் 148 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆண்டின் பட்டியலில் அவருக்கு இரண்டாம் இடம். முதலிடம் பிடித்த லெமியூ, புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு, வெறும் 60 ஆட்டங்களில் 160 புள்ளிகள் சேர்த்தவர். ஓர் அமெரிக்கரின் ஆகச் சிறந்த சீசனுக்குக் கனடாக்காரர் கொடுத்த பரிசு அது. கோலை மட்டும் எண்ணினால் ஆஸ்டன் மாத்யூஸ்: 2023-24இல் 69. அரிசோனா பாலைவனத்தில் வளர்ந்து ஐஸில் முதல்தரமானவர். 2016இல் தன் முதல் ஆட்டத்திலேயே நாலு கோல் போட்டார். அந்த ஆட்டத்தில் அவருடைய டொரண்டோ அணி தோற்றது. 1967க்குப் பிறகு கோப்பையைத் தொடாத அணி என்பதால் டொரண்டோவில் யாரும் இதற்கு ஆச்சரியப்படவில்லை.

கோப்பையும் விருதும்தான் கணக்கு என்பவர்களின் ஆள் பஃபலோவில் பிறந்த பேட்ரிக் கேன். சிகாகோ அணியோடு 2010, 2013, 2015 என மூன்று கோப்பைகள். 2010 இறுதிச் சுற்றில் கூடுதல் நேரத்தில் அவர் அடித்த ரப்பர் வட்டு, கோல் வலையின் அடிப்பகுதியில் போய்ச் சிக்கிக்கொண்டது. அரங்கில் யாருக்கும் அது தெரியவில்லை. கேன் மட்டும் கையுறையை வீசிவிட்டு மறுமுனைக்குப் பறந்தார். சிகாகோ 49 ஆண்டுகள் காத்திருந்த கோப்பை வந்துவிட்டது என்பது சில நொடிகள் ஒரே ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. 2015-16இல் 106 புள்ளிகளோடு லீகின் முதலிடம் பிடித்தார். அமெரிக்காவில் பிறந்த ஒருவர் அதைச் செய்தது அதுவே முதல் முறை.

கோல் போடுவது மட்டுமா ஆட்டம் என்று தற்காப்பு அணியினர் கேட்பார்கள். பிரையன் லீட்ச் 1994இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் 54 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை வென்றபோது தொடரின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். கனடாக்காரர் அல்லாத ஒருவருக்கு அந்த விருது போனது அதுவரை நடக்காத காரியம். அவர் பிறந்த ஊர் டெக்சஸின் கடலோரத்து கார்பஸ் கிறிஸ்டி. அங்கே ஐஸ் என்றால் குளிர்பானத்துக்குள் மிதப்பதுதான். சிகாகோவில் பிறந்த கிரிஸ் செலியோஸ் சிறந்த தற்காப்பு வீரர் விருதை மூன்று முறை வாங்கி, 1,651 ஆட்டங்கள் ஆடி, 48 வயதில்தான் ஓய்ந்தார். நீராவி அறைக்குள் உடற்பயிற்சி சைக்கிள் மிதிப்பது அவர் வழக்கம். அவருக்கு எதிராக வாதிட வருபவர்கள் இதைக் கேட்டதும் பாதியில் களைத்துவிடுவார்கள்.

கோல்கீப்பர்களை எல்லோரும் கடைசியில்தான் நினைப்பார்கள். மினசோட்டாவின் இரும்புச் சுரங்க ஊரான எவ்லத்தில் பிறந்த ஃபிராங்க் பிரிம்செக், பாஸ்டன் அணிக்கு வந்த 1938-39 சீசனில் பத்து ஆட்டங்களில் எதிரணியை ஒரு கோல்கூடப் போடவிடவில்லை. ‘மிஸ்டர் ஜீரோ’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. பூஜ்யம் வாங்கிப் புகழ் சேர்ப்பது இந்தத் தொழிலில்தான் முடியும். இவர்களுக்கும் பிறகு, பெரும்பாலும் நினைக்கப்படாமலே போகிறவர்கள் பெண்கள். உலக சாம்பியன் போட்டிகளில் ஆக அதிக கோல் போட்டவர் கலிஃபோர்னியாவில் பிறந்த ஹிலரி நைட். இன்றைய தொழில்முறைப் பெண்கள் லீக் தொடங்கியதே 2024இல்தான் என்பதால், அவர் மனு இப்போதுதான் ஏற்கப்பட்டிருக்கிறது.

இத்தனை அளவுகோல்களும் நேர்மையானவை. பயன்படுத்தும் விதத்தில்தான் கோளாறு. மாப்பிள்ளையை முடிவு செய்துவிட்டு அவருக்குப் பொருந்துகிற ஜோசியரைத் தேடுவதுபோல், ரசிகர் முதலில் தன் ஊர் வீரரைத் தேர்ந்தெடுக்கிறார். பிறகு அவரை ஜெயிக்கவைக்கும் அளவுகோலைத் தேடிப் பிடிக்கிறார். அதனால் ஐம்பது புள்ளிவிவரங்களைக் காட்டினாலும் யாரும் கட்சி மாறுவதில்லை.

எல்லா அளவுகோல்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் தராசு கேன் பக்கம் சாய்கிறது: மூன்று கோப்பைகள், புள்ளிப் பட்டியலில் முதலிடம், ஹார்ட் விருது, கோப்பைத் தொடரின் சிறந்த வீரர் விருது. இந்தத் தீர்ப்பைச் சிகாகோ உடனே ஏற்கும். டல்லஸ், 561 என்ற எண்ணைக் காட்டி மேல்முறையீடு செய்யும். டொரண்டோ, மாத்யூஸுக்கு இன்னும் வயதிருக்கிறது என்று வாய்தா கேட்கும். வாய்தா கேட்டுப் பழகிய ஊர் அது.