டீமனின் பணிப் பதிவேடு

ஆங்கிலத்தில் ‘டீமன்’ என்றால் பொல்லாத பேய். கொம்பு, வால், கையில் முட்கோல் எல்லாம் உண்டு. ஆனால் கிரேக்கத்தில் கிடைக்கும் பழைய கோப்புகளைப் புரட்டினால், அச்சொல்லின் மூலமான ‘டைமோன்’ என்ற பெயரில் இருப்பவர் மீது பெரிதாகப் புகார் இல்லை.

முதல் நியமனம் வழங்கல் துறையில். பங்கிட்டுக் கொடுத்தல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து இச்சொல் பிறந்தது என்பர் அறிஞர் பலர். அவரவர் விதியை அளந்து போட்டவர். கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் கணக்கில், பொற்காலத்து மாந்தர் இறந்தபின் டைமோன்களாகி மக்களைக் காத்தனர். ஆகவே காவல் துறைக்கு மாற்றல். பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ இவரைத் தபால் துறையில் சேர்க்கிறது: மனிதரின் வேண்டுதல் மேலே, தேவரின் ஆணை கீழே. சாக்ரடீசுக்கு வாய்த்ததோ தணிக்கைப் பிரிவு. பிளேட்டோ சொல்வதன்படி, அவருள் ஒலித்த அந்த டைமோன் குரல் ‘வேண்டாம்’ என்று தடுக்குமே தவிர, ‘இதைச் செய்’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆட்சேபணை மட்டும் எழுதும் அதிகாரியை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். கி.மு. 399-இல் சாக்ரடீசுக்கு நஞ்சு கொடுத்தபோது, புதிய தெய்வங்களைப் புகுத்தினார் என்ற குற்றச்சாட்டில் இந்தப் பெயரும் அடிபட்டது.

அப்புறம்தான் சறுக்கல். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள், பிற இனத்தாரின் தெய்வங்களுக்கு இந்தப் பெயரைச் சூட்டினர். புதிய ஏற்பாட்டில் விரட்டப்படும் ஆவிகளுக்கும் அதே பெயர். ஒரு 17-பி குற்றச்சாட்டு மெமோ கூட இல்லாமல் டிஸ்மிஸ்! லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது அந்த டிஸ்மிஸ் உத்தரவுதான்.

மறுநியமனத்துக்கு வழிவிட்டது இயற்பியல். 1867-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தம் நண்பர் டெய்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், இரு வாயு அறைகளுக்கு நடுவே ஒரு குட்டிக் காவலாளியைக் கற்பனை செய்தார். வேகமான மூலக்கூறை ஒரு பக்கமும் மந்தமானதை மறுபக்கமும் அனுப்புவது அவன் வேலை. அவனுக்கு ‘டீமன்’ என்று பெயர் வைத்தவர் இயற்பியலாளர் வில்லியம் தாம்சன். அதை முன்மாதிரியாகக் கொண்டு, 1963-இல் எம்.ஐ.டி. கணினியாளர்கள், திரைமறைவில் ஓயாமல் உழைக்கும் நிரல்களுக்கு இதே பெயரை இட்டனர். முகவரி தவறிய மின்னஞ்சலைத் திருப்பி அனுப்பும் ‘மெயிலர் டீமன்’ அந்த வம்சம்தான். அதாவது, பழையபடி தபால் துறை.

ஆகவே, இடைப்பட்ட காலம் முழுவதையும் பணிக்காலமாகக் கருதி, பஞ்சப்படியுடன் நிலுவையை வழங்குமாறு இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.