பகலில் ஒலிப்பதிவு, இரவில் ஜாஸ்

கேள்வி: அந்தக்கால பம்பாய் மதுக்கூடங்களில் சினிமாக்காரர்களுக்கு என்ன வேலை?

பதில்: பாதி வேலையே அங்கேதான். இரவில் ஹோட்டல் மேடையில் ஜாஸ் வாசித்த கோவாக்காரர்கள்தான் பகலில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வயலினும் டிரம்பெட்டும் வாசித்தார்கள். கோவாவின் தேவாலயப் பள்ளிகளில் சிறுவயதிலேயே மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்கக் கற்றவர்கள். இந்திப் படங்களுக்குப் பெரிய வாத்தியக்குழு தேவைப்பட்டபோது அவர்களை விட்டால் ஆளில்லை. தாஜ் ஹோட்டலில் குழு நடத்திய டிரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட், இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவோடு பணியாற்றினார். 1951இல் வந்த 'அல்பேலா' படத்தில் தம் குழுவோடு திரையிலும் தோன்றினார். செபாஸ்டியன் டிசோசா, ஆண்டனி கொன்சால்வஸ் போன்றோர் இசையமைப்பாளரின் மெட்டுக்கு வாத்தியக் கோவை எழுதினார்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் இவர்கள் பெயர் பெரும்பாலும் வராது. அது பெரிய அநியாயம்.

இத்தனைக்கும் 1949இல் பம்பாயில் மதுவிலக்குச் சட்டம் வந்துவிட்டது. கோப்பை காலியானாலும் மேடை காலியாகவில்லை. சர்ச்கேட்டில் 1956இல் திறந்த கேலார்ட் உணவகத்தில், சங்கர்-ஜெய்கிஷன் இசையமைப்பாளர் இணையின் ஜெய்கிஷனுக்குத் தனி மேஜையே இருந்தது.

சென்னைக்கும் இதில் பங்குண்டு: மவுண்ட் ரோடு 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில் பாடத் தொடங்கியவர்தான் பாடகி உஷா உதுப்.