தோன்றா எழுவாய்: சர்வீஸுக்குப் பின் என்ஜின் பழுதாதல் குறித்த ஓர் இலக்கண ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சர்வீஸுக்கு விட்ட கார் திரும்பி வந்த அன்றே என்ஜின் பிடித்து நின்றால் அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இதுவரை மெக்கானிக்குகளிடமும் வழக்கறிஞர்களிடமும் மட்டுமே கேட்கப்பட்டு வந்துள்ளது. இரு சாராரும் காசு கேட்கிறார்கள். ஆகவே இக்கட்டுரை அதை இலக்கண ஆசிரியர்களிடம் எடுத்துச் செல்கிறது. அவர்கள் காலமாகி நெடுங்காலம் ஆனபடியால் செலவில்லை. ஆய்வின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது முறை: பில்லில் இருக்கும் எழுவாய் பழுதில் இருப்பதில்லை.

ஆய்வுக் களம்

வடசென்னைக் கல்மண்டபம் இவ்வாய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு, கட்டுரையாளரின் வீடு அங்கே இருப்பது மட்டும் காரணமன்று. பக்கத்து ராயபுரத்திலிருந்துதான் 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் இந்தியப் புல்லட் பிறந்தது. காசிமேட்டில் விசைப்படகுகள் விடியுமுன்னே இருமத் தொடங்கும். இப்படிப்பட்ட மண்ணில் என்ஜினைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளைப் பார்ப்பது அரிது.

கல்மண்டபத்து டீக்கடை பெஞ்சு ஒன்றில் இவ்வாய்வுக்கான வல்லுநர் குழு அமைந்தது. உறுப்பினர் நால்வர்: லேலண்டில் ஓய்வு பெற்றவர், விசைப்படகு டிரைவர், கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர், எதையும் ஓட்டாதவர். நால்வரில் கடைசியாகச் சொன்னவரின் கருத்துகளே மிக உறுதியாக இருந்தன.

நிகழ்வு

ஆய்வுக்குரிய வண்டி பதினோரு வயதான சிறிய கார். ஆயில் மாற்றுதல், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் கிளீனிங், வாட்டர் வாஷ் ஆகிய ஐவகைச் சடங்குகளுக்காக ஒரு நாள் காலையில் ஒரு மெக்கானிக் செட்டில் விடப்பட்டது. மதியமே வேலை முடிந்து செட் வாசலில் நின்றது. மாலை ஆறு மணிக்குப் பணம் கட்டிச் சாவி பெறப்பட்டது. அப்போது செட்காரர் பில்லை வாய்மொழியாக விளக்கினார்:

“ஆயில் நாங்க மாத்தினோம் சார். ஃபில்டர் ஒரிஜினல் போட்டோம். பிரேக்க முழுசா கயட்டி க்ளீன் பண்ணோம்.”

வினைமுற்றுகளைக் கவனிக்க. மாத்தினோம், போட்டோம், பண்ணோம். எல்லாம் தன்மைப் பன்மை.

வண்டி திருவொற்றியூர் நோக்கிப் போனது. சுங்கச்சாவடி நெருங்கும்போது, மெட்ரோ தூண்களுக்குக் கீழே, டிரெய்லர்களின் இடுக்கில், டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அலாவுதீன் விளக்கின் வடிவம். பூதம் வருவதற்கான அறிகுறி. சற்று தூரத்தில் கீழிருந்து கடகடவென்று சத்தம் வந்தது. பிறகு சத்தம் நின்றது. கூடவே வண்டியும் நின்றது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒரே ஓர் அசை.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துப்போய்ச் செட்டில் சேர்த்தபின் நடந்த உரையாடல் இவ்வாய்வின் முதன்மைத் தரவு:

“என்ஜின் சீஸ் ஆயிடுச்சு சார்.”

“எப்படி?”

“ஆயில் எறங்கிப் போச்சு.”

“ஏன் எறங்கிச்சு?”

“ட்ரெயின் பிளக் லூஸ் ஆயிருக்கு.”

“யார் லூஸ் ஆக்கினது?”

“அது தன்னால ஆவும் சார். நம்ம ரோடு அப்டி.”

பகுப்பாய்வு 1: இலக்கணம்

முந்தைய நாள் மாலை கூட்டம் கூட்டமாக நின்ற ‘நாங்கள்’ ஒரே இரவில் எங்கே போனார்கள்? ஆயிடுச்சு, போச்சு, ஆவும். பிளக்கும் ஆயிலும் என்ஜினும் தாமே முடிவெடுத்துத் தாமே செயல்படுகின்றன. கூலி வாங்கும்போது பிறவினை. பழுது வரும்போது தன்வினை. கூலியில் எழுவாய் வெளிப்படை. பழுதில் அது தோன்றா எழுவாய்கூட அன்று. தோன்றா எழுவாயை வினைமுற்றின் விகுதியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். இங்கே விகுதியும் அஃறிணை ஒருமை.

செட்காரர் மீது அவசரப்பட்டுக் குற்றம் சாட்டுவதற்கில்லை. தொல்காப்பியம் அவர் பக்கம் இருக்கிறது. செயப்படுபொருளையே செய்தவர்போல வைத்துப் பேசுவதும் வழக்குதான் என்று சொல்லதிகாரம் அனுமதிக்கிறது. திண்ணையை யாரோ மெழுகியிருக்க, திண்ணை தானே மெழுகிக்கொண்டதுபோல் சொல்வதை உரைகாரர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவார்கள். திண்ணை தானே மெழுகிக்கொள்ளுமானால் பிளக் தானே லூஸ் ஆவதில் என்ன தடை? ஆனால் மெழுகிய திண்ணைக்கு யாரும் நஷ்டஈடு கேட்டதில்லை என்பதை உரைகாரர்கள் கருத்தில் கொள்ளவில்லை.

பகுப்பாய்வு 2: பொறியியல்

ஓடும் என்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவில், பம்ப் அழுத்தித் தள்ளும் ஆயில் மெல்லிய படலமாக நிற்கிறது. அழுத்தம் போனால் படலம் போகும். உலோகம் உலோகத்தை உரசும், சூடேறும், கடைசியில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இதைத்தான் ‘சீஸ்’ என்கிறார்கள். அந்தச் சிவப்பு விளக்கு சொல்வது ஆயிலின் அளவை அன்று, அழுத்தத்தை. பெட்ரோல் விளக்கைப்போல அடுத்த பங்க் வரைக்கும் தவணை தராது.

பழுதுக்குக் காரணமாக மூன்று கருதுகோள்கள் பெஞ்சில் முன்வைக்கப்பட்டன. ஒன்று, சம்ப்பின் அடியில் இருக்கும் ட்ரெயின் பிளக்கைச் சரியாக முடுக்கவில்லை. இரண்டு, பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதைப் பார்க்காமல் புதிய ஃபில்டரை அதன்மேல் பூட்டிவிட்டார்கள்; இரட்டை ரப்பர் அழுத்தம் தாங்காமல் பிதுங்கிவிடும். லேலண்ட்காரர் இதையே ஆதரித்தார். மூன்று, செட்காரருடையது: “பழைய வண்டி சார், ஆயில் குடிச்சிருக்கும்.”

மூன்றாவது கருதுகோளைப் படகு டிரைவர் ஒரே கேள்வியில் உடைத்தார். “குடிக்கிற என்ஜின் பொகைய வுடும், மாசக்கணக்குல குடிக்கும். நாலு கிலோமீட்டர்ல மூணு லிட்டரு குடிக்குமா? நம்மாளே குடிக்க மாட்டானே!”

பிறகு கள ஆய்வு. கல்மண்டபத்துச் சாலையில் ஆயில் சொட்டுத் தேடுவது கடலில் உப்புத் தேடுவது போன்றது; எந்தச் சொட்டு எந்த வண்டியுடையது என்று யார் சொல்வது? இங்கேதான் டிரெய்லர்காரரின் பங்களிப்பு அமைகிறது: பழைய ஆயில் கருப்பு; புது ஆயில் தேன் நிறம். தேன் நிறச் சொட்டுகளைப் பின்னோக்கித் தொடர்ந்தது குழு. அவை ஓரிடத்தில் ஒன்றுசேர்ந்து சிறு குளமாகின. மதியம் முதல் மாலை வரை வண்டி நின்றிருந்த செட்டின் வாசல் அது. குளத்தின் மேல் யாரோ மணல் தூவியிருந்தார்கள். தூவப்பட்டிருந்தது என்றும் சொல்லலாம்.

படம் எடுக்கப்பட்டது. வண்டியின் அடியில் படுத்து வழிந்த தடமும் படம் எடுக்கப்பட்டது. தடம் ஃபில்டர் பக்கம் இல்லை, பிளக்கில் தொடங்கியது. லேலண்ட்காரர் தம் கருதுகோளைக் கைவிட்டு இன்னொரு டீ சொன்னார். எதையும் ஓட்டாதவர், தாம் முதலிலேயே பிளக் என்று சொன்னதாகப் பதிவு செய்யச் சொன்னார்.

பகுப்பாய்வு 3: சட்டம்

இலக்கணம் கைவிட்ட எழுவாயைச் சட்டம் தேடித் தருகிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவர் பொருளை இன்னொருவர் ஒரு காரியத்துக்காகப் பெற்றுக்கொண்டால், சாதாரண விவேகமுள்ளவர் தம் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது பிரிவு 151. அதே சட்டத்தின் பிரிவு 170, செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமையையும் கொடுக்கிறது. செட்காரர்கள் 170ஐ மனப்பாடமாக அறிவார்கள். 151 அவர்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

செட் சுவரில் ‘வண்டிகள் உரிமையாளர் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகின்றன’ என்ற பலகை இருந்தது. 1998 ஆகஸ்டில் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில், நிறுத்துவதற்காக ஊழியரிடம் சாவி கொடுக்கப்பட்ட ஒரு மாருதி ஜென் களவுபோனது. அங்கேயும் டோக்கனில் இதே சங்கதி அச்சாகியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 நவம்பரில் தீர்ந்தது: சாவியை வாங்கியவர் வண்டியை வாங்கியபடி திருப்பித் தராவிட்டால், தாம் கவனமாக இருந்ததைக் காட்ட வேண்டியவர் அவரே, தம் சொந்தக் கவனக்குறைவுக்கு அந்த வாசகம் கேடயமாகாது. அது களவு, இது பழுது. ஆனாலும் பலகை ஒன்றுதான்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் தரலாம். செட் எங்கே இருக்கிறது என்பது தடையன்று. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பதில் தர எதிர்த் தரப்புக்கு முப்பது நாள், கெஞ்சினால் மேலும் பதினைந்து. அதற்குமேல் ஒரு நாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020இல் உறுதி செய்துவிட்டது. ஆணையத்துக்கு முன் ஒரு போன் போட்டுப் பார்க்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது.

முறையியல்: எட்டு உறுப்புக் கடிதம்

ஆணையத்துக்குப் போகுமுன் செட்டுக்கு ஒரு கடிதம் எழுதுவதென்று குழு தீர்மானித்தது. வடிவம் கிடைக்கவில்லை. மறுபடியும் தொல்காப்பியமே கை கொடுத்தது. ஒரு தொழில் நிகழ எட்டு வேண்டும் என்று அது கணக்கிடுகிறது: வினை, அதைச் செய்தவர், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயனுக்காக. இந்த எட்டையும் வரிசையாக நிரப்பினால் எந்த வக்கீலும் திருத்த முடியாத புகார் தயார்.

வினை: பிளக்கை முடுக்காமல் விட்டது. செயப்படுபொருள்: என்ஜின். இடம்: செட், சாட்சி, வாசலில் இருந்த குளம். காலம்: ஜாப் கார்டில் உள்ள தேதி, போனில் பணம் போன நேரம். கருவி: ஸ்பேனர், அல்லது அது பயன்படுத்தப்படாமை. யாருக்காக: எனக்காக. பயன்: பத்தாயிரம் கிலோமீட்டர் நிம்மதி, கிடைத்தது நான்கு. செய்தவர் என்ற இடத்தில் செட்டின் பெயரை எழுதி அடிக்கோடிட்டோம். கூடவே மூன்று நிபந்தனைகள்: நான் இல்லாமல் என்ஜினைப் பிரிக்கக் கூடாது, கழற்றும் ஒவ்வொரு பாகமும் என்னிடம் காட்டப்பட வேண்டும், வெளியாள் மெக்கானிக் ஒருவர் கூட இருப்பார்.

எதிர்பாராத கண்டுபிடிப்பு

கடிதத்தைப் படித்த செட்காரர் நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

“ஆயில் லைட்டு எரிஞ்சுதா சார்?”

“எரிஞ்சுது.”

“அப்பறம்?”

“வண்டி கொஞ்ச தூரம் வந்துடுச்சு.”

பெஞ்சில் மௌனம் நிலவியது. லேலண்ட்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். வண்டி வந்துடுச்சு. நான் ஓட்டினேன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பின்னால் டிரெய்லர் ஹாரன் அடித்தது, ஓரங்கட்ட இடமில்லை, இன்னும் கொஞ்சம்தானே என்று நினைத்தது எல்லாம் உண்மை. என்றாலும் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்த கால் அஃறிணை அன்று. என் பங்குக்கு ஈட்டுத்தொகை குறைவது நியாயம்தான்.

இந்த ஒப்புதலால் துணிவு பெற்ற செட்காரர் முதல்முறையாக ஓர் உயர்திணை எழுவாயைப் பயன்படுத்தினார்: “புதுப் பையன் சார். அவன்தான் முடுக்காம வுட்டுட்டான்.” எழுவாய் தோன்றிவிட்டது, ஆனால் படர்க்கையில், இருப்பதிலேயே சின்ன ஆளாக. இதையும் சட்டம் ஏற்காது. வேலையில் இருக்கும் ஆள் செய்தது வேலை கொடுத்தவர் செய்ததே. ‘நாங்க மாத்தினோம்’ என்று கூலி வாங்கியபோது அந்த ‘நாங்கள்’ என்ற பன்மைக்குள் பையனும் இருந்தானே.

முடிவு

இரு தரப்பும் இறங்கி வந்தன. கூலி முழுக்க செட்டுடையது. பாகங்களின் விலையில் பாதி என்னுடையது. கிராங்க் லேத்துக்குப் போய் வந்தது. புதுப்பேட்டைப் பழைய சாமான் கடை என்ஜின் வேண்டாம் என்று குழு ஒருமனதாகத் தடுத்தது. மூன்று வாரத்துக்குப் பின் வண்டி வந்தபோது பில்லில் எழுதியிருந்தது: ‘என்ஜின் சரிசெய்து கொடுக்கப்பட்டது.’ செயப்பாட்டு வினை. குழு இதை முன்னேற்றமாகவே கருதுகிறது. செயப்பாட்டு வினையில் செய்தவர் மறைந்திருக்கிறாரே தவிர, இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வாசகர் செய்ய வேண்டியவை சில. சாவி வாங்குமுன் செட்டிலேயே பானட்டைத் திறந்து டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். வண்டி நின்ற தரையைக் குனிந்து பாருங்கள். ஜாப் கார்டை வாங்கி வையுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். எழுவாயை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.